யாரும் பார்க்காத உச்சக்கட்டம்

தொலைந்துபோன மௌனப்படம் ஒன்றைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதிப் பட்டமும் பதவியும் வாங்கியவர் பேராசிரியர். படத்தை அவர் பார்த்ததே இல்லை. புத்தகத்திலிருந்த உச்சக்கட்டம் முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு. இப்போது படச்சுருள் கிடைத்துவிட்டது. திரையிடல் விழாவுக்கு அவரே தலைமை.

"கதாநாயகி மோதிரத்தைக் கிணத்துல வீசுறான்னு அளந்துவிட்டேனே! இன்னிக்கு மானம் கப்பலேறப் போகுது."

"எழுதறப்போ இனிச்சுதுல்ல? கம்முனு உக்காருங்க," என்றாள் மனைவி.

திரையில் கதாநாயகி கிணற்றடிக்கு வந்து மோதிரத்தைக் கழற்றினாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், முன்வரிசையிலிருந்த பேராசிரியரைப் பார்த்தாள்.

"வீசும்மா," என்று முனகினார்.

வீசினாள். அரங்கம் கைதட்டியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா!"

திரையில் அவளும் கைக்குட்டையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.