தடியனின் எடை

டாக்டர் தடியனை மறுபடியும் தூக்கி எடை மேஜையில் வைத்தார். இரண்டாவது முறையும் அதே எண்தான் வந்தது.

"உங்க பொண்ணு கடைசியா கொண்டுவந்தப்ப இருந்ததைவிட இப்ப கொஞ்சம் கூடத்தான்மா இருக்கான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எதிர்த்துப் பேச உடம்பில் தெம்பும் இல்லை.

காலையிலிருந்து காய்கறிக் கடையில் நின்று ஊருக்கெல்லாம் எடை போட்டுவிட்டு, முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி, இவனைக் கூடையில் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பஸ்ஸில் ஒருவர் முயலா என்றார். இன்னொருவர் கீரியா என்றார். கினிப்பன்றி என்றதும் அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பார்த்த கினிப்பன்றியெல்லாம் உள்ளங்கையில் அடங்குமாம்.

இவனும் ஒரு காலத்தில் உள்ளங்கையில் அடங்கியவன்தான். மகள் ஆசைப்பட்டு வாங்கியபோது, இது பெரிய ஜாதி என்று கடைக்காரர் மூச்சு விடவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து, பூனை அளவுக்கு ஆன பிறகுதான் நின்றது. நாலு கிலோ.

உருவம்தான் அப்படி, மற்றபடி படு பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் அடித்தால் கூண்டு அதிர எகிறிக் குதிப்பான். மடியில் வைத்துக் கொஞ்சலாம் என்றால் பிடி கொடுக்க மாட்டான். மகள் ஒருத்திக்குத்தான் அடங்குவான்.

அந்த மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே அவள் தங்கும் அறையில் எலிக்குக்கூட இடம் இல்லை.

போகும்போது படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். இந்தப் பிராணிகள் நோவை வெளியே காட்டிக்கொள்ளாதாம். எடை குறைவது ஒன்றுதான் அடையாளமாம். ஞாயிறு தவறாமல் எடை பார்க்க வேண்டுமாம்.

அவளும் தவறாமல் பார்த்தாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது.

தின்பதில் ஒரு குறையும் இல்லை. கடையில் கழித்துப் போடும் காலிஃபிளவர் இலை, கொஞ்சம் நசுங்கிய குடைமிளகாய் என்று வைத்ததையெல்லாம் தீர்த்துவிட்டு, பை சலசலத்தால் இன்னும் கொண்டா என்று வீடு அதிரக் கத்தினான். தின்றதெல்லாம் எங்கே போகிறது?

மகளை நினைத்து ஏங்குகிறான் என்று முடிவு கட்டினாள். ஏங்கினால் சாப்பாடு உடம்பில் ஒட்டாது. அது அவளுக்குத் தெரியாததா?

தூக்கும்போது மட்டும் முன்பைவிடக் கனத்தான். கையில் வலு இல்லாததால் அப்படித் தெரிகிறது என்று விட்டுவிட்டாள். நாள் முழுக்க மூட்டை நகர்த்துகிற கை, வலிக்காமல் என்ன செய்யும்.

போன ஞாயிறு பாதிக்கும் கீழே போய்விட்டான். அதற்கு மேல் மறைக்க முடியாமல் நேற்று ஃபோனில் சொன்னாள். மகள் ஒரு பாட்டம் அழுதாள்.

மகள் தினமும் ஃபோன் செய்வாள். எடுத்தவுடன் தடியன் சாப்பிட்டானா என்றுதான் கேட்பாள். இவன் போய்விட்டால் மகள் எதைக் கேட்க ஃபோன் செய்வாள்? இரவெல்லாம் அவளை உறங்கவிடாதது இந்தப் பயம்தான்.

டாக்டர் தடியனின் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் எப்படி எடை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

இதில் என்ன கேள்வி என்று அவளுக்குச் சலிப்பாக இருந்தது. சமையலறைத் தராசில் இவன் கொள்ள மாட்டான், பாதி உடம்பு வெளியே தொங்கும். அதனால் இவனைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கிற மெஷினில் ஏறுவாள். வருகிற எண்ணில் தன் எடையைக் கழிப்பாள். மிச்சம் இவன். அவள் எடை நாற்பத்து மூன்று. ஊருக்குப் போவதற்கு முன் மகளே ஏற்றி நிறுத்திப் பார்த்துச் சொன்னது. வாராவாரம் அதை வேறு யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

அவள் வந்ததிலிருந்து தடியனையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் இப்போதுதான் அவளைப் பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தின் பட்டையில், கடைசி ஓட்டைக்கும் அப்பால், ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று இருந்தது.

"ஒரு தடவை நீங்க மட்டும் ஏறி நில்லுங்கம்மா," என்று மூலையைக் காட்டினார். பெரிய நாய்களை நிறுத்துப் பார்க்கிற மெஷின்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். எண் வந்தது.

எடை போட்டே பிழைக்கிறவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடியன் உடம்பிலிருந்து வாராவாரம் போனதாக நினைத்துப் பதறியதெல்லாம் அவள் உடம்பிலிருந்து போயிருந்தது.

நாளைக்கே ஒரு டாக்டரிடம் உங்கள் உடம்பைக் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோன் அடித்தது. மகள்தான்.

தடியன் நன்றாக இருக்கிறான், ஒரு குறையும் இல்லை என்றாள். மகள் பெருமூச்சு விட்டது அவள் காதில் விழுந்தது.

அவள் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போறியா கண்ணு?"

மகள் சிரித்தாள். "அதான் அவன் நல்லா இருக்கானேம்மா. அப்புறம் என்ன?"

மெஷினிலிருந்து இறங்க அவளுக்குத் தோன்றவில்லை.