கயிறு தொட்டவர்களின் பங்கு

உப்புவெளிக் கடற்கரையில் காலை வெயில் ஈரக் கயிற்றில் சொட்டுச் சொட்டாக மின்னுகிறது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தம்பையாவின் கரைவலையை, இரு பக்கக் கயிறுகளிலும் இரண்டு வரிசை ஆட்கள் ஒரே தாளத்தில் இழுக்கிறார்கள். கோணேசர் மலையையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் காட்டி முடித்துவிட்ட நான், புது ஹோட்டலின் வழிகாட்டி, இன்று ஜெர்மன்காரர்களுக்கு இதைக் காட்டுகிறேன். "நீங்களும் இழுக்கலாம்" என்று சொன்னது என்னுடைய இந்தத் திருவாய்தான். வடக்குக் கயிற்றில் பாய்ந்து தொங்கியவர்கள் ஹோட்டல் முட்டைகளின் பலத்தையெல்லாம் காட்டுகிறார்கள். "தம்பி, விடச் சொல்லுங்கோ! ஒரு பக்கம் முந்தினா மீன் நிக்காது!" என்று தம்பையா கத்துகிறார். என்ன சொல்கிறார் என்று தொப்பிக்காரி ஒருத்தி கேட்கிறாள். "நல்ல பலசாலிகளாம்" என்கிறேன். இன்னும் பலமாக இழுக்கிறார்கள். வலை கோணுகிறது, சூடைமீன் கூட்டம் திறந்த பக்கத்தால் பளபளத்துத் துள்ளி வெளியேறுகிறது. விருந்தாளிகள் கைதட்டுகிறார்கள். வலையின் மடியில் மிஞ்சியது ஒரு கூடைக்கும் காணாது. இழுத்த ஆட்கள் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என் சப்பாத்தைப் பார்க்கிறார்கள். தம்பையா குனிந்து, இருந்ததில் பெரிய மீன்களாகப் பொறுக்கி, வெள்ளைக்காரர்களின் கைகளில் வைக்கிறார்.

"ஐயோ, வேண்டாம் அண்ணை."

"கயிறு தொட்டவைக்குப் பங்கு குடுக்காமல் அனுப்பேலாது, தம்பி."

கடைசியாக என்னிடமும் ஒன்றை நீட்டுகிறார்.

"நான் இழுக்கேல்லையே?"

"ஓம். நீங்கள் கதைச்சனீங்கள்."

என் உள்ளங்கையில் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.