நடுக் குழாய்

புதிய பூங்கா வாசலின் இரண்டாவது வளைவில் சுஹறா டீச்சரின் சக்கர நாற்காலி நின்றுவிட்டது.

கால் தட்டு இரும்புக் குழாயில் முட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் மாலையும் தட்டமுமாக வரவேற்புக் குழு. அதற்கும் பின்னால், திறப்பு விழாவுக்கு வந்த பாதி ஊர்.

"டீச்சர், கொஞ்சம் பின்னுக்கு எடுங்களன்," என்றார் பூங்காக் குழுத் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். "பிரதம அதிதி சந்திக்கு வந்திட்டாராம்."

"ஏலாது ஹாஜியார். இறுகிப் போச்சு."

கடல் காற்று பலமாக அடித்தது. சுஹறா தன் ஹபாயா அங்கி பறக்காமல் இரண்டு பக்கச் சக்கரங்களின் மேலும் அதை விரித்து, கைகளால் அமர்த்திப் பிடித்திருந்தாள்.

மாட்டை மட்டும் நினைத்துப் பார்த்தால் அது நல்ல வாசல்தான். கடற்கரை முழுக்கக் கட்டாக்காலி மாடுகள். நட்ட கன்று ஒன்றையும் விட்டுவைக்காது. அதனால் மூன்று குழாய்களைக் குறுக்கே நீட்டியிருந்தார்கள். முதலாவது இடப்பக்கத்திலிருந்து, அடுத்தது வலப்பக்கத்திலிருந்து, கடைசி மறுபடியும் இடப்பக்கத்திலிருந்து. உள்ளே போகிறவர் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை உடம்பைத் திருப்ப வேண்டும். மனிதனுக்கு இடுப்பு வளையும், போய்விடுவான். மாடு நீளம், நடுவில் வளையாது. மோட்டார் சைக்கிளும் வளையாது.

சக்கர நாற்காலியும் வளையாது.

வரைபடத்தை வைத்துக் கூட்டம் போட்ட அன்றே சுஹறா இதைச் சொன்னாள். பௌதிகவியல் படிப்பிக்கிறவள்; சும்மா சொல்லவில்லை, பலகையில் கீறிக் காட்டினாள். நாற்காலி வளையாதுதான், ஆனால் நின்ற இடத்திலேயே சுழலும். நடுக் குழாயின் நுனியில் இரண்டு சாண் குறைத்தால் அது திரும்பி உள்ளே போய்விடும். மாட்டுக்கு அந்த இரண்டு சாண் போதாது. அது அப்போதும் வெளியில்தான் நிற்கும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வரைபடம் மட்டும் மாறவில்லை.

"ஒங்களுக்கென்ன டீச்சர்? பின்பக்கம் லொறி கேட் இரிக்கி. வரக்குள்ள போன்ல ஒரு கோல் அடிங்க, காவலுக்கு நிக்கிற ஹாதிக் வந்து திறந்து விடுவான்," என்றார் ஹாஜியார். அன்றைக்கு அன்பாகத்தான் சொன்னார்.

அது குப்பை ஏற்றுகிற வழி. ஊரில் எவரும் கோல் அடித்துக் கேட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போவதில்லை. அவளும் போவதாக இல்லை.

இப்போது வாசலில் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலியைத் தூக்கிவிடலாம். ஆனால் அதில் ஒரு பெண் இருக்கிறாள். யார் போய்க் கை வைப்பது? வரவேற்புக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பின்பிடியைப் பிடித்து இழுத்தார்கள்.

சக்கரம் அசையவில்லை.

"மாடு வெளியில நிக்குது, டீச்சர் நடுவுல நிக்கிறா. கேட் நல்லாத்தான் வேலை செய்யுது!" என்று கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு றுஸ்தாவின் குரல் வந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு. மதிலோரம் நின்ற மாடு அசைபோட்டபடி பார்த்தது.

"லொறி கேட்டத் திறங்க! அதிதிய அதால எடுப்பம்," என்றார் ஹாஜியார்.

சாவி ஹாதிக்கிடம். ஹாதிக் அதிதிகளுக்கு இளநீர் ஏற்றிவர அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தான். மூன்று பேர் கோல் அடித்தார்கள். மூன்று பேருக்கும் அவன் போன் கிடைக்கவில்லை.

"நானும் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் நிக்கணும், ஹாஜியார்," என்றாள் சுஹறா.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

வாகனம் வந்துவிட்டது. பேண்ட் வாத்தியம் தொடங்கி, பாதியில் நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குள் அதிதி காத்திருந்தார். இன்னும் கொஞ்சத்தில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

"கிருஷாந்தன்! கிறைண்டரக் கொண்டா. வெட்டு."

வரவேற்பு வளைவை வெல்டிங் ஒட்டி முடித்துவிட்டு நின்ற கிருஷாந்தன் ஓடி வந்தான். இந்தக் குழாய்களையும் வரைபடத்தில் இருந்தபடி ஒட்டியவன் அவன்தான். அதற்கெல்லாம் முந்தி, தம்பிலுவிலில் இருந்து பஸ் ஏறி வந்து சுஹறாவிடம் டியூசன் படித்தவன்.

"எங்கால வெட்டட்டும்?"

ஹாஜியார் சுஹறாவைப் பார்த்தார். சுஹறா நடுக் குழாயின் நுனியிலிருந்து இரண்டு சாண் அளந்து விரலை வைத்தாள்.

கிருஷாந்தன் முழங்காலிட்டுக் குனிந்தான். காற்று அப்போது ஹபாயாவின் ஓரத்தை லேசாகத் தூக்கியது. அவன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தான்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"பொறி பறக்கும் டீச்சர்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஹபாயாவ நல்லா இழுத்து மூடிக்கொள்ளுங்க."

அவள் மூடிக்கொண்டாள்.

கிறைண்டர் கத்தியது. மாடு மிரண்டு ஓடியது. வெட்டுப்பட்ட துண்டு கல்லில் விழுந்து உருண்டு, ஹாஜியாரின் செருப்பில் போய் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்! இப்ப பின்னுக்கு வாங்க புள்ள, அதிதி காத்துக்கொண்டிரிக்கார்."

சுஹறா ஹபாயாவுக்கு அடியில் கைகளை விட்டு, சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு பிரேக்குகளையும் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

நாற்காலி நின்ற இடத்திலேயே சுழன்றது. அவள் முன்னுக்குப் போனாள்.