மாடியில் ஒரு படிப்பகம்

"சார், இன்னைக்காவது வர்றீங்களா?"

பெயின்ட் கடைக்காரர் போனில் இப்படிக் கேட்பது ஒன்பதாவது தடவை.

"இன்னைக்கு மீட்டிங். அடுத்த வாரம் பாப்போமே" என்றார் வரி ஆய்வாளர், சாவகாசமாக.

"இந்த ஆளு என் உயிரை வாங்கன்னே பொறந்திருக்கான்" என்று போனை மேஜைமேல் போட்டார் கடைக்காரர்.

"எல்லாம் உங்க ஆடிட்டர் குடுத்த யோசனைதானே" என்றாள் மனைவி, பில் போட்டுக்கொண்டே.

யோசனையில் ஒன்றும் குறையில்லை. வீட்டைவிடக் கடைக்குச் சொத்து வரி மூன்று மடங்கு. கீழே கடை, மாடியில் பெயின்ட் டின் அடுக்கிய கூடம், இரண்டுக்கும் சேர்த்துக் கடை வரியே போட்டிருந்தார்கள். 'கூடத்தை இலவசப் படிப்பகம்னு காட்டுங்க. அந்தப் பாதிக்கு வரியே கிடையாது. ஆய்வாளர் ஒரு தடவை வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது' என்றார் ஆடிட்டர்.

அன்றைக்கே டின்கள் பின்கட்டு வீட்டுக்கு இடம் மாறின. கூடத்தில் நாலு பெஞ்சு, ரெண்டு மேஜை, பேப்பர், வாசலில் ஒரு போர்டு.

"ரெண்டே நாள் கூத்து. அவர் வந்துட்டுப் போனதும் பழையபடி குடோன்தான்" என்று மனைவியைச் சமாதானப்படுத்தினார்.

ரெண்டு நாள் மூன்று மாதம் ஆகிவிட்டது. போர்டைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நிஜமாகவே வரத் தொடங்கியதுதான் கொடுமை.

"அண்ணே, மேல ஃபேன் சுத்தல."

"அங்கிள், இன்னொரு லைட் போட்டா நல்லாருக்கும். பரீட்சை வருது."

"ஏம்ப்பா, இன்னைக்குப் பேப்பர் எங்க?"

விரட்டவும் முடியாது. யாராவது ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டால் கதை கந்தலாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேன் மாட்டினார், லைட் போட்டார்.

"படுக்கிற ரூம்ல வார்னிஷ் நாத்தம் தாங்கலைங்க. கட்டிலைச் சுத்தி டின்னு. ராத்திரி எழுந்தா இடிச்சுக்கிறேன்" என்று தினமும் மனைவியின் புலம்பல் வேறு.

"அவன் கவர் எதிர்பாக்குறான். அதான் இழுத்தடிக்கிறான். மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து விழலைன்னா இந்த வருஷம் முழு வரியும் நம்ம தலையில. சும்மா விடமாட்டேன், பாரு."

மாதக் கடைசி நாள். கமிஷனருக்கு எழுதிய புகாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஆய்வாளரே வந்து நின்றார்.

மாடிக்குப் போனார். ரெண்டு பெரியவர்கள் ஒரே பேப்பருக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒருத்தர் ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

கடைக்காரருக்கு அப்போதுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ஒரு கையெழுத்துக்கா சார் மூணு மாசம் என்னை இழுத்தடிச்சீங்க?"

"நீங்க கூப்பிட்ட அன்னைக்கே நான் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

 பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். "மறுநாளே டின்னையெல்லாம் மேல ஏத்தியிருப்பாரு."

"தெரியும்மா. இந்த மாதிரி பதினோரு படிப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் தெருவைத் தாண்டுறதுக்குள்ள எல்லாத்தையும் இழுத்து மூடிட்டாங்க."

ஃபைலைக் கடைக்காரர் கையில் கொடுத்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எங்க வீடு ஒரே ரூம் சார். என் பொண்ணு இங்க வந்துதான் படிச்சா. நேத்துதான் அவளுக்குப் பரீட்சை முடிஞ்சுது."