தனகோடியின் மூக்கு

"மூணு மாசம் தாங்கலியேண்ணா உங்க சரிகை! எங்க பொண்ணு லாவண்யாவுக்கு ஆசையா எடுத்த புடவை, இப்படிக் கறுத்துப் போச்சே!"

அமலா டீச்சர் அரக்குப் பட்டுப் புடவையைக் கடை மெத்தைமேல் உதறி விரித்தாள். முந்தானைச் சரிகையில் உள்ளங்கை அகலத்துக்குத் தீய்ந்த தோசை மாதிரி ஒரு கறுப்பு.

தனகோடிக்குச் சுருக்கென்றது. ஆரணியில் முப்பது வருஷமாகப் பட்டுக் கடை. சரிகை விஷயத்தில் இதுவரை ஒருத்தரிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அதுவும் எதிர் மெத்தையில் கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில்!

"டேய் ஹேமநாத்! லென்ஸை எடுத்துகினு வா, ஜல்தி!"

மகன் ஓடிவந்து அளவு டேப்பை நீட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை. கடைப் பெயர் போய்விடுமோ என்று பிள்ளைக்கு எவ்வளவு கவலை! தனகோடிக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

"பயப்படாதடா, நான் இருக்கேன்ல" என்றவர், லென்ஸுக்குக் காத்திராமல் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். முகம் மலர்ந்தது.

"டீச்சரம்மா, தப்பு என் சரிகை மேல இல்லே. யாரோ சென்ட் அடிச்சிருக்காங்க. சென்ட் பட்டா சரிகை கறுத்துடும். அதுக்குத்தான் என் கடையில வேலை செய்யற ஆளுங்க, என் புள்ள, யாருமே சென்ட் போட்டுகினு உள்ள வரக் கூடாதுன்னு வச்சிருக்கேன்."

"எங்க வீட்டுல பவுடரைத் தவிர எதுவும் வாங்கறதில்லே. சும்மா சொன்னா எப்படி? நிரூபிங்க. இல்லேன்னா வேற புடவை குடுங்க."

"நிரூபிச்சிட்டா?"

"புடவை வேணாங்கண்ணா. அடிச்சது எப்படிப்பட்ட ஆளுன்னு உங்க வாயால சொல்லுங்க, போதும்."

"சொல்லுங்க முதலாளி, நாங்களும் கேக்கறோம்" என்று எதிர் மெத்தையிலிருந்து ஓர் அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். இது போதாதா தனகோடிக்கு? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி முகர்ந்தார்.

"முதல்ல மிளகு. அப்புறம் ஏலக்காய், கூடவே லவங்கம். அடியில இருக்கு பாருங்க, சந்தனம்! கோயில்ல குடுக்கற சந்தனம் இல்லே, இது கோட்டு சூட்டு போட்ட சந்தனம். நம்ம பஜார்ல கிடைக்காது. மெட்ராஸ் பக்கம் ஏதோ கண்ணாடிக் கடையில, பெரிய கம்பெனி பேரு பார்த்து வாங்கினது. அடிச்சி ஒரு பத்து நாள் இருக்குமா? இன்னும் நிக்குது பாருங்க. நல்ல சரக்கு. பத்துக்கு ஒன்பது மார்க் போடலாம்."

"ஒரு மார்க் இன்னாத்துக்குக் குறைச்சீங்க?" டீச்சர் புத்தி டீச்சரை விட்டுப் போகவில்லை.

"லவங்கம் கொஞ்சம் தூக்கல். அது கிடக்கட்டும், இது ஆம்பளைங்க அடிக்கற சென்ட்டு!"

எதிர் மெத்தையில் கிளுகிளுவென்று சிரிப்பு.

"தானே அடிச்சிகினா கழுத்தாண்ட படும். இது முந்தானை ஓரம். பையன் புதுசா வாங்கியாந்து, 'எப்படி இருக்கு, சொல்லு'ன்னு கேட்டிருக்கான். பொண்ணு முந்தானையை நீட்டியிருக்கு. சரிதானே?"

ஹேமநாத் மூலையில் நின்று ஒரே புடவையை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தான்.

அமலா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"சரிதாங்கண்ணா. கறுப்பைப் பார்த்துட்டுக் கேட்டேன், ஒத்துகினா. ரெண்டு வருஷப் பழக்கமாம். பையன் நல்ல பையன்தான். ஆனா நாங்க தெள்ளாருல கூலி வேலை செஞ்சி, படிச்சி, மேல வந்த குடும்பம். அவங்க வசதியான இடம், வேற ஜனம். அவங்க அப்பா மூஞ்சைத் திருப்பிகினா எம் பொண்ணு உடைஞ்சி போயிடுவா. ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலே."

தனகோடியின் மனசு இளகிவிட்டது. ஊரார் வீட்டு விஷயத்தில் அவருக்கு எப்போதுமே தாராள மனசு.

"அட, இதுக்கா பேஜார் படறீங்க? ஜாதி ஜனமெல்லாம் இந்தக் காலத்துல எவன் பார்க்கறான்? உங்க பொண்ணு பேங்க்ல வேலை செய்யுது, இன்னா குறைச்சல்? இவ்ளோ ரசனையா புள்ளைய வளர்த்திருக்கான்னா அந்த அப்பனும் நல்லவனாத்தான் இருப்பான். நேரா போயி தட்டை வைங்க. முரண்டு புடிச்சான்னா என்னைக் கூப்பிடுங்க. நானே வந்து, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டு, ஒத்துக்க வைக்கறேன்."

"நிஜமாவாங்கண்ணா?"

"இத்தினி பேரு முன்னால சொல்றேன். முப்பது வருஷமா என் சரிகையும் மாறினதில்லே, என் வாக்கும் மாறினதில்லே."

"மனுஷன்னா இவருதான்" என்றாள் எதிர் மெத்தை அம்மாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மூலையில் தொப்பென்று அளவு டேப் விழுந்தது.

அமலா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையைத் திறந்து, வெற்றிலை பாக்கு, பூ, பழம் அடுக்கிய எவர்சில்வர் தட்டை எடுத்து, தனகோடிக்கு நேராக அந்தக் கறுத்த முந்தானைமேல் வைத்தாள்.

"உங்களைத் தனியா கூப்பிட வேணாங்க, சம்பந்தி. இங்கியேதானே இருக்கீங்க!"