ஒரே வரியில் முடித்த கதை

"ஏம்ப்பா, இந்தப் பழைய அமெரிக்க நாவல்கள்ல புருஷனை விட்டுட்டுப் போறவ கடைசியில செத்தே போயிடுறாளே, ஏன்?" ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மகள் கேட்டாள்.

இலக்கியப் பேராசிரியரான அப்பா சிரித்தார். "எழுதினது ஆம்பளைங்கம்மா. போனவ எங்கேயோ நல்லா இருக்கான்னு எழுத மனசு வரல. ஒரே வரியில கதையை முடிச்சுட்டாங்க."

மகள் சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாள்.

"எனக்கு நாலு வயசுல நீங்க சொன்னதும் ஒரே வரிதான். 'அம்மா காய்ச்சல்ல செத்துட்டா.'"

"அதுக்கென்ன இப்போ?"

"இன்னிக்கு என்னைப் பார்க்க காலேஜுக்கு வந்திருந்தாங்க."

அப்பாவும் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "எப்படி இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்காங்கப்பா. உங்களையும் அக்கறையா விசாரிச்சாங்க."