கிணற்றடிப் பற்றை

"சுடு ஆரணி! மூண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறாங்கள். சுடு!"

சிவகரன் கதிரையை விட்டே எழும்பிவிட்டான். ஆரணியின் விரல் மட்டும் அசையவில்லை.

கொக்குவிலில், சிவகரன் வீட்டு விறாந்தையில்தான் இந்தப் போர். ஆளுக்கொரு போன், அதில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. சிவகரன் அணித் தலைவன். அவனுடைய சித்தியின் மகள் ஆரணி, தூரத்தில் பதுங்கியிருந்து குறிபார்த்துச் சுடுகிற ஸ்னைப்பர். மூன்றாமவன் பக்கத்து வீட்டு அருட்செல்வன். ஆண்கள் இரண்டு பேரும் வழக்கம்போல வீராவேசமாகப் பாய்ந்து போய்ச் செத்துவிட்டார்கள். இப்போது ஆரணியின் திரையைப் பார்த்துக் கத்துவதுதான் அவர்களுக்கு வேலை.

எதிரணி குருநகர் லெனாட்டும் அவன் ஆட்களும். அணிக்கொரு ஆட்டம் வென்றாயிற்று. இந்த மூன்றாவது ஆட்டத்தை வெல்கிறவர்கள் கொழும்பு இறுதிப் போட்டிக்குப் போவார்கள்.

இன்றைய திட்டம் முழுக்கச் சிவகரனுடையது. லெனாட்டின் ஆட்கள் அவன் வீட்டில் இருந்துதான் விளையாடுவார்கள். ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தால், லெனாட்டின் தாய் பெர்னடெட் எல்லோரையும் போனை வைக்கச் சொல்லிச் செபத்துக்கு எழுப்பிவிடுவார். அந்த நேரம் திரையில் அவர்கள் அசையாமல் நிற்பார்கள். இதை எப்படியோ மோப்பம் பிடித்து வைத்திருந்தான் சிவகரன்.

"மணி அடிக்கேக்கை நீ தண்ணித் தாங்கிக்கு மேலை இருக்கவேணும். எழும்பி நிண்டா வானத்திலை உருவம் தெரியும், படுத்துக் கிட. ஒரு இடத்திலையிருந்து ரெண்டு சூட்டுக்கு மேலை வையாதை, சத்தத்தை வைச்சே பிடிச்சிடுவாங்கள்."

ஒரு கிழமையாக இதே பாடம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் களத்துக் கிணற்றடிப் புதரில்தான் வந்து முடியும்.

"முதல் ஆட்டத்திலை நான் எப்பிடி வெண்டனான்? மிச்சம் நானும் லெனாட்டும்தான். கிணத்தடிப் பத்தைக்குள்ளை படுத்தன். அந்த நேரம் பாத்து அப்பாவுக்கு முட்டு வந்து மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. போனைப் போட்டிட்டு உள்ளுக்கை ஓடி, அவருக்குப் பம்ப் அடிச்சு, திரும்பி வாறமட்டும் லெனாட்டாலை என்னைக் கண்டுபிடிக்க ஏலேல்லை. வந்தன், தாங்கிக்கு மேலை நிண்டவனுக்கு ஒரே சூடு. இடம் பிடிக்கிறதெண்டா அப்பிடிப் பிடிக்கவேணும்!"

சொல்லச் சொல்ல அந்தப் பற்றை அடர்த்தியாகிக்கொண்டே போனது.

இன்று எல்லாம் சொன்னபடிதான் நடந்தது. ஆரணி களத்தின் உயரமான தண்ணீர்த் தாங்கியைப் பிடித்தாள். படுத்துக்கொண்டு ஸ்கோப்பை மெல்ல நாலாபக்கமும் திருப்பினாள். ஓரிடத்தில் அது கொஞ்ச நேரம் நின்றது.

"அங்கை என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

அந்தப் பக்கத்து மைக்கில் கோயில் மணி கேட்டது. மூன்று தலைகளும் அப்படியே நின்றன. சிவகரன் கத்தக் கத்த ஆரணி சுடவில்லை.

செபம் முடிந்து தலைகள் அசைந்த பிறகுதான் சுட்டாள். ஒருவன் விழுந்தான். அடுத்த சூட்டில் இன்னொருவன். மூன்றாவது சூட்டுக்கு இடம் மாற எழும்பியபோது லெனாட்டின் குண்டு அவளைப் பிடித்துவிட்டது.

"போச்சு! கொழும்பு போச்சு!" சிவகரன் தொப்பியைக் கழற்றிச் சுவரில் அடித்தான். "உனக்கென்ன விசரே? இல்லாட்டி லெனாட்டோடை ஏதும் கதையோ?"

"மச்சான், உந்தக் கதை வேண்டாம்," என்றான் அருட்செல்வன்.

ஆரணிக்குக் கண் கலங்கிவிட்டது. "செபத்துக்கு எழும்பினவையை எப்பிடியண்ணை சுடுறது?"

"போனை வைச்சிட்டுப் போனது அவங்கடை பிழை. விளையாட்டிலை ஆரும் ஆருக்கும் பாவம் பாக்கிறதில்லை. அண்டைக்கு லெனாட் என்னைக் கண்டிருந்தா விட்டிருப்பானோ?"

ஆரணி அதே களத்தைப் பயிற்சி ஆட்டமாகத் திறந்து, மறுபடியும் தாங்கிக்கு மேலே ஏறினாள்.

"அண்ணை, நீங்களும் உள்ளை வாங்கோ. அண்டைக்குப் படுத்த மாதிரியே பத்தைக்குள்ளை படுங்கோ."

"இப்ப ஏன்?"

"படுங்கோவன்."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தான். அவள் தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"ஸ்கோப்பாலை பாருங்கோ. முதல் ஆட்டத்திலை லெனாட் இந்தத் தாங்கியிலைதான் இருந்தவன்."

சிவகரன் பார்த்தான். கிணற்றுக் கட்டு தெரிந்தது. பற்றை தெரிந்தது. இலையெல்லாம் சுற்றிவரத்தான் இருந்தது, மேற்பக்கம் வெறும் வெளி. நடுவில் அவனே முழுசாகக் கிடந்தான், சப்பாத்து வரைக்கும்.

அவனுக்கு முகம் சுருங்கிப் போனது.

"அப்ப... ஏன் சுடேல்லை?"

ஆரணிக்கும் அது தெரியாது. அவனைச் சுடாமல் விட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் தாங்கிக்கு மேலே அவளுக்கு விளங்கியிருந்தது.

அந்த நேரம் சிவகரனின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. லெனாட்தான். சிவகரன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

"சிவகரன் அண்ணை, நல்ல விளையாட்டு. முதல் ஆட்டத்தண்டைக்கே கேக்கவேணுமெண்டு இருந்தனான். உங்கடை மைக் திறந்து கிடந்தது, அப்பா மூச்செடுக்க ஏலாமல் கஷ்டப்பட்டது எங்களுக்கும் கேட்டது. அவருக்கு இப்ப சுகமே? அண்டையிலயிருந்து அம்மா ஆறு மணிச் செபத்திலை அவரையும் சேத்துத்தான் வேண்டுறவ. இண்டைக்கும் அவருக்காக வேண்டினவ."